அக்காவைப் பார்க்கப் போக இருந்தோம்

எட்டு வயதுவரை நான் கடலைப் பார்த்ததில்லை. தென்காசிக்காரர்களுக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சீசன் தொடங்கிவிட்டால் எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்து ஜனங்கள் குற்றாலத்துக்குத் தண்ணீரைத் தேடி வருகிறார்கள். நாம் எதற்கு இன்னொரு தண்ணீரைத் தேடிப் போக வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. வகுப்பில் யாராவது கன்னியாகுமரிக்குப் போய்வந்து சங்கு மாலை போட்டுக் காட்டினால் நான் வீட்டுக்கு வந்து அழுவேன். உப்புத் தண்ணீரில் குளித்தால் உடம்பு அரிக்கும் என்று அப்பா பேச்சை முடித்துவிடுவார்.

அதனால் அந்த ஆனி மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மாமா என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சொன்னது எனக்குப் பாதிதான் காதில் ஏறியது.

"ஏட்டி, கடல் பாக்கணும் பாக்கணும்னு நச்சரிப்பேல்லா? கொல்லத்துக்குப் போறோம். அக்காவும் அங்கனதான் இருக்கா."

அக்கா என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாராவது உச்சரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காலேஜுக்கு என்று பையைத் தூக்கிக்கொண்டு போனவள் சாயங்காலம் திரும்பவில்லை. செங்கோட்டையில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த பையனோடு போய்விட்டாள் என்று மறுநாள் தெரிந்தது. அவன் "வேற ஆளு" என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். யாருக்குப் பதிலாக வேறு ஆள் என்று நான் கேட்டேன். எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மாமாகூட அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதன் பிறகு அக்காவின் போட்டோ சுவரிலிருந்து இறங்கியது. அவளுடைய துணிகளை அப்பா பின்கட்டில் போட்டுக் கொளுத்தினார். அப்பாவுக்கு உரக்கடை. கடைக்கு வருகிறவர்கள் மூட்டையின் விலையைக் கேட்டுவிட்டு, கொஞ்சம் இழுத்து, "பெரியவ எப்பிடி இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்பார்களாம். அப்பா பாதி நாள் கடையைத் திறக்காமல் கட்டிலில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா மட்டும் வாய் ஓயவில்லை. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கு ஒரு மகதான், மூத்தவ செத்துட்டா என்று வாசலில் நின்று கத்தினாள். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அக்காவைக் கண்டுபிடித்தது சித்தப்பா. அவர் கேரளாவுக்குக் காய்கறி லோடு அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய லோடு இறக்கப் போன டிரைவர் ஒருத்தன், கொல்லம் பக்கம் கடலோரத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிற கடையில் அந்தப் பையனைப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். கடைப் பலகையில் எழுதியிருந்த அவனுடைய செல்போன் நம்பரையும் கொண்டுவந்தான்.

திட்டம் எங்கள் வீட்டு ஹாலில் மூன்று சாயங்காலம் நடந்தது. டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, அப்பா, சித்தப்பா, மாமா மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பேசுவார்கள். இதற்கு முன்னால் எங்கள் குடும்பம் எந்தப் பயணத்துக்கும் இவ்வளவு பொறுப்பாகத் திட்டம் போட்டதில்லை. பண்பொழி முருகனைக் கும்பிடப் போனால்கூடப் பாதி வழியில்தான் தேங்காய் வாங்க மறந்தது நினைவுக்கு வரும். இப்போது எல்லாம் யோசித்து வைத்திருந்தார்கள். மாமா தன் போனில் வரைபடத்தைத் திறந்து எனக்கு வழி காட்டினார். இது நாம, இது செங்கோட்டை, இது ஆரியங்காவு, இப்படியே இறங்கினால் தென்மலை, புனலூர், கொட்டாரக்கரை. பச்சையாக இருந்த மலைகளுக்குள் ஒரு கோடு நெளிந்து நெளிந்து போய் நீலத்தில் முட்டி நின்றது. அக்கா எங்கே என்று கேட்டேன். நீலம் தொடங்குகிற இடத்தில் மாமா நகத்தை வைத்தார். அக்கா தினமும் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.

"புளியரை செக்போஸ்ட்டுல பொம்பளையும் பிள்ளையும் உள்ள இருந்தா எவனும் வண்டிக்குள்ள தலைய நீட்டமாட்டான்" என்றார் சித்தப்பா. "அங்கன போய்ச் சேந்த பெறகுதான் போன். முன்னாலயே பேசினா ஓடிப்போவாவ. மைனி கூப்பிடட்டும். அம்மை கூப்பிட்டா வராம இருக்கமாட்டா."

"இவளக் கண்டாச் சாடி வந்துருவா" என்று மாமா என் கன்னத்தைக் கிள்ளினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் சொல்லக் கூடாது, அக்காவுக்கு இது சர்ப்ரைஸ் என்றார் மாமா. சொல்லவில்லை. சித்தப்பாவின் வேன் வாசலிலேயே நிற்க, கேரள நம்பர் போட்ட வெள்ளை ஜீப் ஒன்றை யாரிடமிருந்தோ கேட்டு வாங்கி வந்திருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, நம்ம வண்டி மலை ஏறாது என்று சித்தப்பா சொன்னார். அந்த வேன்தான் வெண்டைக்காயும் சேனையும் ஏற்றிக்கொண்டு தினமும் மலை ஏறிக்கொண்டிருந்தது.

போகும்போது ஆரியங்காவு வழி. வரும்போது அச்சன்கோயில் வழி. அது காட்டுப் பாதை. ஆனை வருமா என்று கேட்டேன். "ஆனை மட்டுந்தான் வரும்" என்றார் சித்தப்பா. வரும்போது என் ஜன்னலோர இடத்தை அக்காவுக்குக் கொடுத்துவிடுவேன் என்று நான் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்தேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்த ஜீப்பில் அக்கா ஏறுவாள், ஆனால் எங்கள் வீட்டு வாசலில் இறங்கமாட்டாள் என்பதுதான் திட்டம். இதை இன்று ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. அந்த ஹாலில் இருந்த மூன்று பேரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் எழுதுவது இன்னும் சுலபமாகும். ஆனால் என்னை உப்புமூட்டை தூக்கி மலைக்கோயில் படி ஏறியவர் மாமா. அக்காவுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குடியிருந்தவர் சித்தப்பா. அப்பா, அக்கா முதன்முதலில் நடந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் எழுந்து தள்ளாடி நடந்தே காட்டுவார்.

சித்தப்பா அந்தப் போன் நம்பரைச் சொல்லச் சொல்ல மாமா தன் போனில் ஏற்றிக்கொண்டார். சரிபார்க்க இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார் சித்தப்பா. அடுப்படியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் துருவுகிற சத்தம் நின்றது. நம்பர் முடிந்ததும் மறுபடி தொடங்கியது.

அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நீயும் வரணும் என்று அப்பா சொன்னபோது சரி என்றாள். கடைசிச் சாயங்காலம் மட்டும் ஹால் வாசலில் வந்து நின்று ஒன்று கேட்டாள்.

"போற வழியில குத்தாலத்துல நின்னு தலமுழுகிட்டுப் போவோம். அவளுக்கும் சேத்து முழுகிடுதேன். அதுக்குப் பெறகு எதுனாலும் செய்யுங்க."

நேரமாகிவிடும் என்றார் சித்தப்பா. "முழுகட்டும்" என்றார் அப்பா. அன்று சாயங்காலம் அவர் பேசியதாக எனக்கு நினைவிருக்கும் ஒரே சொல் அது.

விடிந்ததும் புறப்பட்டோம். நான் கடலுக்கென்று மஞ்சள் கவுன் போட்டிருந்தேன். அம்மா புளியோதரை கட்டி எடுத்துக்கொண்டாள். அம்மா அதைச் செய்யும்போது வழக்கம்போல எள் வறுத்துப் போட்டாள், வழக்கம்போல எனக்கு ஒரு வாய் ஊட்டி உப்பு பார்க்கச் சொன்னாள். குற்றாலத்தில் நல்ல சீசன். மெயினருவியில் தண்ணீர் அளவாக, வெள்ளை வெளேரென்று விழுந்துகொண்டிருந்தது. வண்டியை விட்டு இறங்கப்போவதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்த சித்தப்பா, சாரல் முகத்தில் பட்டதும் எண்ணெய்க் கடையைத் தேடினார். தென்காசிக்காரன் எந்தக் காரியத்துக்குப் போனாலும் அருவியைக் கண்டால் சட்டையைக் கழற்றிவிடுவான். மூன்று பேரும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கம் போனார்கள். அம்மாவும் நானும் பெண்கள் பக்கம் போனோம்.

"இங்கனயே நில்லு. கவுன நனைச்சிராத" என்று என்னை ஒரு கம்பியோரம் நிறுத்திவிட்டு அம்மா தண்ணீருக்குள் போனாள். தலையைக் கொடுத்து நின்றாள். வெகுநேரம் நின்றாள். வெளியே வரும்போது படிப்பக்கம் வராமல், யாரும் போகாத பக்கவாட்டுப் பாறைமேல் ஏறினாள். பாசி பிடித்து இருண்டிருக்கும் பாறை. ஓர் ஆள் உயரம் இருக்கும்.

"எம்மா, அங்கன ஏறாதிய, வழுக்கும்" என்று யாரோ கத்தினார்கள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் விசில் ஊதினாள்.

அம்மா சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகினாள். கீழே தரையைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு குதித்தாள்.

அவள் கத்தவில்லை. சுற்றி நின்றவர்கள்தான் கத்தினார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத ஒரு பக்கத்துக்குத் திரும்பியிருந்தது. எண்ணெய் வழியும் தலையோடு அப்பாவும் சித்தப்பாவும் மாமாவும் ஓடிவந்தார்கள். வழுக்கிவிட்டது, வழுக்கிவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வழுக்கல. அம்மா குதிச்சா" என்றேன் நான்.

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுத நீ?"

தரையில் கிடந்த அம்மா கையை நீட்டி என்னைப் பிடித்து இழுத்து ஓங்கி ஓர் அறை விட்டாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. "சனியனே, ஒன்னப் பிடிக்கதுக்குத்தான ஓடி வந்து விழுந்தேன்" என்றாள். நான் கம்பியைவிட்டு ஓர் அடிகூட நகர்ந்திருக்கவில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் சொல்லவில்லை. "சின்னப் பிள்ள பயத்துல ஒளருது" என்று மாமா என்னைத் தூக்கிக்கொண்டார்.

ஜீப் கொல்லத்துக்குப் போகவில்லை. தென்காசிக்குத் திரும்பி ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. மடியில் புளியோதரை வாளியை வைத்துக்கொண்டு வழி முழுக்க நான் அழுதேன். அம்மாவின் காலுக்காக அழுகிறேன் என்று நினைத்து அப்பா முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் கடலுக்காகத்தான் அழுதேன்.

அந்தக் கால் பிறகு முழுசாகச் சரியாகவில்லை. கூடி வந்ததே தவிர, இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். வருஷக்கணக்கில், கடையை அடைத்துவிட்டு வந்ததும் அப்பா கீழே உட்கார்ந்து அந்தக் காலை மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்துவிடுவார். அவருக்கு ஏதாவது தெரிந்திருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட அன்று மத்தியானம், மாமா ஜீப்பைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். சித்தப்பா லோடு விஷயமாகப் போயிருந்தார். அம்மா அப்பாவை மாத்திரை வாங்க அனுப்பினாள். அவர் படியிறங்கியதும் நர்ஸைக் கூப்பிட்டாள். அந்த நர்ஸ் புனலூர்க்காரி. எங்களோடு பேசும் தமிழில் பாதி மலையாளம் இருக்கும்.

"தாயீ, ஒன் போனைக் கொஞ்சம் தாரியா? ஒரே ஒரு போன்."

"அதினென்னா, விளிச்சோ அம்மே" என்று, நம்பர் போடப் போனை எடுத்தாள் அவள்.

அம்மா நம்பரைச் சொன்னாள். எனக்கு வாய் பிளந்துவிட்டது. அப்பாவின் நம்பரே அம்மாவுக்குத் தெரியாது. எப்போதும் என்னைத்தான் போட்டுத் தரச் சொல்வாள். இதை மட்டும் வாய்ப்பாடு ஒப்பிக்கிறதுபோலத் தடுமாறாமல் சொன்னாள். யாரோ எடுத்தார்கள். "எம் மகட்டக் குடு" என்றாள். பிறகு அம்மா பேசியதை நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"நான் அம்மா. நீ பேசாத, கேளு. இன்னைக்கே அங்கேருந்து கெளம்பிருங்க. எங்கன போறியன்னு எங்கிட்டச் சொல்லவேண்டாம். இனிமே நான் கூப்பிட்டாலும் வராத. அழுது கூப்பிட்டாலும் வராத. செத்துப்போனேன்னு சொன்னாலும் வராத."

நான் பேசணும், நான் பேசணும் என்று சேலையைப் பிடித்து இழுத்தேன். அம்மா போனை நர்ஸிடம் கொடுத்துவிட்டாள். அக்காவிடம் கடலைப் பற்றிக் கேட்க எனக்கு எவ்வளவோ இருந்தது. இந்த அம்மாவைப்போல ஒரு கல்நெஞ்சுக்காரி உலகத்திலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டு, வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஒன்றிரண்டு நாள் கழித்து மூன்று பேரும் சேர்ந்து வார்டுக்கு வந்தார்கள். சித்தப்பா ஸ்டூலை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பேச்சு பணிவாகத்தான் இருந்தது.

"மைனி, நம்ம போகலன்னா என்ன, அவ வரட்டும். கால் ஒடிஞ்சு கெடக்கேன், பாக்கணும்போல இருக்குன்னு சொல்லுங்க. புனலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாப் போதும். மாமன் வந்து கூட்டியாருவான்னு சொல்லுங்க."

மாமா நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அம்மாவின் வாய்க்கருகே பிடித்தார். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பற்றியிருந்தது. அம்மா முன்னாலேயே பேசிவிட்டாளே என்று என் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அருவிக்கரையில் வாங்கிய அறை கன்னத்தில் இன்னும் இருந்தது. பிடியும் எலும்பில் வலித்தது. பேசாமல் நின்றேன்.

"மக்கா" என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லிலேயே குரல் உடைந்துவிட்டது. "அம்மைக்குக் கால் ஒடிஞ்சு போச்சுட்டி. எந்திரிக்க முடியல. ஒன்னப் பாக்காம உசுரே நிக்காதுபோல இருக்கு. ஒரு நட வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போட்டி. புனலூருக்கு மாமா வருவான். வாட்டி, எங் கண்ணுல்லா."

அம்மா பொய்யாக அழவில்லை. கண்ணீர் காதுவரை வழிந்தது. மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது. அது அக்காதான் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு மூக்கடைப்பு உண்டு. பிறகு அவள் குரல் வந்தது.

"ராங் நம்பருங்க."

அவ்வளவுதான். மறுபடி போட்டபோது ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. அதற்கு மறுபடியும் அதேதான். சித்தப்பா ஸ்டூலை எட்டி உதைத்தார். அம்மா கால் ஒடிந்து கிடக்கிறாள் என்று கேட்டும் இளகாதவள் மனுஷியே இல்லை என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார். மற்ற இரண்டு பேரும் பின்னால் போனார்கள்.

அவர்கள் அடுத்த வாரம் அம்மா இல்லாமலேயே கொல்லம் போனார்கள். வீடு பூட்டிக் கிடந்தது, அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அக்கா இருக்கிறாள். எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள். வளர்ந்த பிறகு நானாகத் தேடிப் போய் அவளைப் பார்த்தேன். அம்மா ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் அம்மா இறந்தபோது நான்தான் அக்காவுக்குப் போன் செய்தேன். அவள் வரவில்லை. பெத்தவ செத்ததுக்குக்கூட வராத பாவி என்று எங்கள் தெரு முழுக்கப் பேசியது. அந்தத் தெருவில் அதே சேதியைக் கேட்டு நிம்மதியாக இருந்தவள் நான் ஒருத்திதான்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று வார்டில் நின்ற எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அம்மா முதலில் வராதே என்றாள், பிறகு அழுது அழுது வா என்றாள். கடைசியாகச் சொன்னதுதான் கணக்கு. அக்கா வந்திருக்க வேண்டும். வராதது தப்பு.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் நுழைந்து அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

"அழாதம்மா. அக்கா ரொம்ப மோசம், என்னா?" என்று, கண்ணைத் துடைத்துவிடத் தலைப்பை விலக்கினேன்.

அம்மாவின் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நான் ரேங்க் கார்டு கொண்டுவந்து நீட்டும்போது, முதல் மார்க் என்று தெரிந்ததும் ஒரு முகம் வருமே, அந்த முகம். "ஆமாட்டி" என்றாள், "ரொம்ப ரொம்ப மோசம்." சொல்லிவிட்டு என் தலையை இழுத்துத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். மருந்து நாற்றமும் வியர்வையுமாக அவள் உடம்பு சிரிப்பில் குலுங்கியது.

வலியில் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அவள் கையை விலக்கிக்கொண்டு, நர்ஸைக் கூப்பிட வராந்தாவில் ஓடினேன்.